மரத்தரை உள்ள வீட்டுக்குப் படிக்கட்டு: பொருளும் நிறமும் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுத் தரை ஓக் மரம். மாடிப்படியைப் புதுப்பிக்கும்போது படிக்கும் ஓக் பலகையே போடலாம் என்று முடிவு செய்தோம். தரையும் ஓக், படியும் ஓக், இதில் பொருந்தாமல் போக என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். தச்சர் கொண்டுவந்து காட்டிய உள்ளங்கை அகலத் துண்டும் பகல் வெளிச்சத்தில் தரையோடு ஒத்துப்போனது. வேலை முடிந்த அன்று மாலை விளக்கைப் போட்டதும் விஷயம் தெரிந்தது. தரை வைக்கோல் நிறத்தில் கிடக்க, படிகள் அத்தனையும் இளஞ்சிவப்பு அடித்தன. தரையில் இருந்தது வெள்ளை ஓக், படிக்கு வந்தது சிவப்பு ஓக். இரண்டும் தனித்தனியே அழகுதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சேர்க்க முயன்று தவறிப்போனது போலத் தெரிந்தது.

அந்தப் படிகளை மறுபடி இழைத்து, நிறம் மாற்றி, சரிசெய்து முடிக்கும்வரை நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விதி இருக்கிறது: படியும் தரையும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு வேறு என்று பார்த்ததும் தெரிய வேண்டும். "கிட்டத்தட்ட ஒரே நிறம்" என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் ஏற்காதீர்கள்.

தொடங்குமுன் சில சொற்கள். கால் வைக்கும் கிடைப்பலகை மிதிபலகை. இரண்டு மிதிபலகைகளுக்கு நடுவே செங்குத்தாக நிற்பது ரைசர். மிதிபலகையின் முன்விளிம்பு நோசிங். இரு பக்கமும் படிகளைத் தாங்கும் சாய்ந்த சட்டம் பக்கச் சட்டம். கைப்பிடிக்குக் கீழே வரிசையாக நிற்கும் கம்பியோ மரக்காலோ கண்ணாடியோ எல்லாம் சேர்ந்தது கிராதி.

1. தரை உண்மையில் என்ன என்று கண்டுபிடியுங்கள்

மரத்தரை என்று பொதுவாகச் சொல்வது நான்கு பொருள்களில் ஒன்றாக இருக்கும். மேலிருந்து கீழ்வரை ஒரே மரமான முழுப்பலகை ஒன்று. மேலே 2 முதல் 6 மி.மீ. வரை அசல் மரமும் கீழே பிளைவுட் அடுக்குகளும் கொண்ட இன்ஜினியர்டு பலகை இன்னொன்று. அழுத்திய மரநார்ப் பலகையின் மேல் மரத்தின் அச்சுப்படத்தை ஒட்டியது லேமினேட். மரம் போல அச்சிட்ட வினைல் நான்காவது.

அடையாளம் காண, பலகையின் வெட்டுமுகம் தெரியும் இடத்தைத் தேடுங்கள். சுவரோர ஸ்கர்ட்டிங்கைக் கொஞ்சம் கழற்றினால் தெரியும், கதவு நிலைக்கு அடியிலும் தெரியும். மேலே ஓடும் ரேகை வெட்டுமுகத்திலும் இறங்கித் தொடர்ந்தால் அது மரம். அதே முடிச்சும் அதே சுழியும் நாலைந்து பலகை தள்ளி மறுபடி வந்தால் அது அச்சு.

இதைத் தெரிந்துகொள்வது வெறும் தகவலுக்காக இல்லை. அசல் மரத்தரையை இழைத்து, நிறம் ஏற்றி, படியோடு சேர்த்து ஒரே கையில் பாலிஷ் போட முடியும். இரண்டும் ஒன்றாக அமைய இதைவிட உறுதியான வழி கிடையாது. லேமினேட்டையும் வினைலையும் இழைக்கவோ நிறம் மாற்றவோ முடியாது. அங்கே தரை மாறாது, படிதான் தரையிடம் வரவேண்டும்.

லேமினேட், வினைல் தரை உள்ளவர்கள் படிக்கும் அதே பலகையைப் போட நினைத்தால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, தரையில் இந்தப் பலகைகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று கொக்கி போட்டு, ஒட்டாமல் கிடக்கும். படியில் அப்படி விடக்கூடாது, முழுப் பரப்பும் பசை போட்டு ஒட்ட வேண்டும். இரண்டு, நோசிங்கைத் தரைப்பலகை தயாரித்தவர்களிடமிருந்தே வாங்குங்கள். அதிலும் பலகையோடு சமமட்டமாக உட்காரும் வகையைக் கேளுங்கள். பலகையின் மேல் ஏறி உட்காரும் வகையில் விளிம்பில் ஒரு சிறு மேடு நிற்கும். இறங்கும்போது கால்விரல் தட்டுவது அந்த மேட்டில்தான்.

அசல் மரம் என்றால், எந்த மரம் என்பது அடுத்த கேள்வி. தேக்கு பொன்பழுப்பு. வால்நட் சாக்லேட் நிறத்தில் லேசாக ஊதா ஓடும். மேப்பிள் வெளிறிய பாலேட்டு நிறம். செர்ரி செம்பழுப்பு. நான் ஏமாந்த ஓக் விஷயத்துக்கு ஒரு எளிய சோதனை உண்டு. ரேகை நீளவாக்கில் ஓடும் சிறு துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் வாய் வைத்து ஊதுங்கள். சிவப்பு ஓக்கின் துளைக்குழாய்கள் திறந்திருப்பதால் தண்ணீரில் குமிழி கிளம்பும். வெள்ளை ஓக்கில் அந்தக் குழாய்கள் இயற்கையாகவே அடைத்துக்கொண்டிருப்பதால் வராது. இந்த ஒரு நிமிடச் சோதனை அன்று தெரிந்திருந்தால் பல வார வேலை மிச்சமாகியிருக்கும்.

2. நிறத்துக்கு அடியில் இருக்கும் சாயலைப் பாருங்கள்

"பழுப்பு" என்று ஒரே சொல்லில் நாம் சொல்வதற்குள் பல நிறங்கள் ஒளிந்திருக்கின்றன. மஞ்சள் கலந்த பழுப்பு, சிவப்பு கலந்தது, சாம்பல் கலந்தது, பச்சை லேசாகத் தட்டுவது என்று ஒவ்வொன்றும் வேறு. இதை அடிச்சாயல் என்று வைத்துக்கொள்வோம். படியும் தரையும் சண்டை போடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒன்று கருமை, ஒன்று வெளிர் என்பதைக் கண் எளிதில் ஏற்றுக்கொள்ளும். ஒன்று மஞ்சள், ஒன்று இளஞ்சிவப்பு என்றால் ஏற்காது.

அடிச்சாயலைக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளைத் தாள் போதும். பகல் வெளிச்சத்தில் தாளைத் தரைமேல் விரித்து, கீழே உட்கார்ந்து, தாளின் ஓரத்தை ஒட்டியுள்ள மரத்தைப் பாருங்கள். தாளின் வெண்மைக்குப் பக்கத்தில் மரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது சட்டென்று தெரியும். நின்றபடி பார்த்தால் இது அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

அப்புறம், தரையின் வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மரம் வெளிச்சத்தில் நிறம் மாறும். செர்ரி கறுத்துக்கொண்டே போகும். வால்நட் வெளுத்துக்கொண்டே போகும். புதிதாக அறுத்த தேக்கு திட்டுத்திட்டாக, பச்சையும் கறுப்புமாகக் கூட இருக்கும், வெயில் பட்டுப் பட்டுத்தான் அந்தப் பொன்நிறத்துக்கு வரும். ஹாலில் பல வருடம் கிடந்த கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள், கம்பளத்தின் வடிவமே தரையில் பதிந்திருக்கும். ஆகவே பழைய தரைக்குப் புதுப் படி போடுபவர்கள், மாதிரித் துண்டில் பாதியைக் கெட்டியான காகிதத்தால் மூடி, ஜன்னலோரம் சில வாரம் வைத்துவிடுங்கள். மூடாத பாதி எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துவிட்டு நிறம் முடிவு செய்யலாம். பொறுமை தேவைப்படும் வேலைதான். ஆனால் படிக்கட்டு அடிக்கடி மாற்றுகிற பொருள் இல்லையே.

3. ஒன்றாக்குவதா, வேறாக்குவதா?

மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, தரையும் படியும் ஒரே மரம், ஒரே பாலிஷ். தரை மாடியேறிப் போவது போன்ற தோற்றம் வரும். சிறிய வீட்டுக்கும், ஹாலின் நடுவிலேயே படி தெரியும் வீட்டுக்கும் இது நன்றாக அமையும், இடம் துண்டுபடாது. தரையும் படியும் ஒரே சமயத்தில் புதிதாகப் போடுபவர்கள் இந்த வழியைத் தாராளமாக எடுக்கலாம். ஒரே கொள்முதலில், ஒரே கட்டிலிருந்து பலகை வாங்கினால் போதும். பழைய தரைக்கு இதைச் செய்ய நினைத்தால், தரையையும் சேர்த்து இழைக்கத் தயாராக இருங்கள். தரையைத் தொடாமல் புதுப் படியை அதன் நிறத்துக்குக் கொண்டுவருவது தேர்ந்த கைகளுக்கும் கடினம்.

இரண்டாவது வழி, அதே அடிச்சாயலில் படியைத் தரையைவிட நன்றாகக் கருமையாக்குவது. நிற அட்டையில் குறைந்தது இரண்டு மூன்று கட்டம் தள்ளிப் போங்கள். ஒரே ஒரு கட்டம் தள்ளினால் "கிட்டத்தட்ட" வந்துவிடும். தேன்நிறத் தரைக்கு ஆழ்ந்த தேக்குப் பழுப்பும், வைக்கோல் நிறத் தரைக்கு வால்நட் பழுப்பும் சரியாக உட்காரும். நான் கடைசியில் எடுத்தது இந்த வழிதான். சிவப்பு ஓக்கின் இளஞ்சிவப்பை அடர்ந்த பழுப்பு ஸ்டெயின் (மரத்தில் ஊறி நிறமேற்றும் சாயம்) விழுங்கிவிட்டது. இப்போது யாரும் தரையையும் படியையும் ஒப்பிடுவதில்லை, இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

மூன்றாவது வழி, முற்றிலும் வேறு பொருள்: கல், இரும்பு, சிமென்ட், அல்லது வண்ணம் அடித்த மரம். தரையில் ரேகையும் முடிச்சும் நிறைய ஓடினால் இதுதான் சிறந்தது என்பது என் கருத்து. பரபரப்பான ரேகை உள்ள தரைக்குப் பக்கத்தில் இன்னொரு பரபரப்பான ரேகை வந்தால் கண்ணுக்கு ஓய்வே கிடைக்காது. ரேகையில்லாத, அமைதியான ஒரு பரப்பை அங்கே கொடுங்கள்.

ஒரு வீட்டில் மரநிறங்கள் எத்தனை இருக்கலாம்? கதவு, நிலை, அலமாரி, தரை, படி என்று எல்லாவற்றையும் எண்ணிப் பாருங்கள். படி நீங்கலாக மூன்று வந்துவிட்டால் படிக்கு நான்காவது மரநிறம் ஒன்றைப் புதிதாகக் கொண்டுவராதீர்கள். ஏற்கெனவே உள்ளவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது வண்ணத்துக்கோ உலோகத்துக்கோ போய்விடுங்கள்.

4. பொருளைத் தேர்ந்தெடுங்கள்

தரைக்கு ஏற்ற மரம் எல்லாமே படிக்கும் ஏற்றது என்று நினைத்துவிடக் கூடாது. ஹால் தரையில் நாம் எங்கு வேண்டுமானாலும் நடக்கிறோம், தேய்மானம் பரவிவிடும். படியில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் கால் வைப்போம். பல வருடம் புழங்கிய ஒரு மரப்படியின் அருகே குனிந்து பாருங்கள். மிதிபலகையின் ஓரங்களில் பாலிஷ் புதிதுபோல மின்னும். நடுவில், நோசிங்கை ஒட்டி, அரைநிலா வடிவில் பாலிஷ் கழன்று மரம் சாம்பல் பூத்திருக்கும். விரலை வைத்துத் தடவினால் அந்த இடம் மட்டும் லேசாகக் குழிந்திருப்பது தெரியும். உடலின் எடை மொத்தமும் இறங்குவது அந்த விளிம்பில்தான்.

ஆகவே மரத்தின் கடினம் முக்கியம். இதை ஜான்கா அளவு என்பார்கள். 11.28 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டைப் பாதி அமிழும்வரை மரத்துக்குள் அழுத்த எவ்வளவு விசை தேவை என்பதுதான் இந்த அளவு. பவுண்டு விசைக் கணக்கில் வெள்ளைப் பைன் சுமார் 380, வால்நட் 1010, தேக்கு 1070 அளவில், சிவப்பு ஓக் 1290, வெள்ளை ஓக் 1360, கடின மேப்பிள் 1450, ஹிக்கரி 1820. குழந்தைகள் ஓடும் வீடு, நாய் வளர்க்கும் வீடு என்றால் 1000க்குக் கீழே உள்ள மரத்தை மிதிபலகைக்குப் போடாதீர்கள். பைன் தரை உள்ளவர்கள் படிக்கு வேறு கடின மரம் எடுத்து, நிறத்தை மட்டும் இணைப்பது நல்லது.

வைரம் பாய்ந்த பகுதியைத்தான் மிதிபலகைக்குக் கேட்டு வாங்க வேண்டும். பலகையின் ஓரத்தில் வெளிறிய வெள்ளைப்பகுதி ஓடினால் அது மென்மையாகவும் இருக்கும், ஸ்டெயினையும் வேறு மாதிரி குடிக்கும். அதை ரைசருக்கு ஒதுக்கிவிடலாம். ரேகை படியின் அகலவாக்கில், இடமிருந்து வலமாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பலகை வலுவிழக்கும், நோசிங் உடைந்து வரும்.

கான்கிரீட் படிமேல் மரம் ஒட்டுவதானால் 18 முதல் 25 மி.மீ. தடிமன் போதும். ரைசர் இல்லாத திறந்த படிக்கு, கீழே தாங்கல் கிடையாது என்பதால், 40 மி.மீ. அல்லது அதற்கு மேல் வைப்பது வழக்கம். அகலத்தைப் பொறுத்துப் பொறியாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கான்கிரீட் புதிது என்றால் அவசரப்படாதீர்கள். 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்பது உலர்வதற்கான பொதுக் கணக்கு. ஒரு பாலித்தீன் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்ளே வியர்த்திருந்தால் மரம் ஏற்ற நேரம் வரவில்லை.

கல் விஷயத்துக்கு வருவோம். மரத்தரைக்குப் பக்கத்தில் கிரானைட் நன்றாக உழைக்கும். தூசியில் இருக்கும் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதன் கடினம், கீறலைத் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் 7. கிரானைட் 6 முதல் 7. மார்பிளோ வெறும் 3. செருப்போடு வரும் மணல் மார்பிளைக் கீறிக்கொண்டே இருக்கும். எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்பு பட்டால் மார்பிளின் பளபளப்பு அரித்துப்போகும். ஆகவே அதிகம் புழங்கும் படிக்கு நான் மார்பிளைப் பரிந்துரைக்க மாட்டேன். பளபளப்பாகத் தேய்த்த எந்தக் கல்லும் ஈரம் பட்டால் வழுக்கும். மங்கலாகத் தேய்த்த பரப்பு, அல்லது நோசிங்கை ஒட்டிச் சொரசொரப்பாக்கிய பட்டை இருக்கும்படி கேளுங்கள்.

கல்லின் நிறத்துக்கும் அதே விதிதான். தேக்குத் தரைக்குப் பக்கத்தில் பழுப்பு மஞ்சள் கல் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று மங்கச் செய்யும். கறுப்போ, அடர் சாம்பலோ, பால்வெள்ளையோ வையுங்கள், மரத்தின் கதகதப்பான நிறத்தை எடுத்துக்காட்டும். நீலம் தட்டும் சாம்பல் கல்லை மட்டும் மஞ்சள் மரத்துக்குப் பக்கத்தில் வைக்குமுன் இரண்டு முறை யோசியுங்கள், மரம் ஆரஞ்சாகத் தெரிய ஆரம்பிக்கும்.

இரும்புச் சட்டத்தில் மர மிதிபலகை வைப்பது இப்போது பரவலாகி வருகிறது. தரை மரத்தையே மிதிபலகையாக்கி, சட்டத்துக்குக் கறுப்புப் பவுடர் கோட்டிங் கொடுத்தால் முதல் வழியும் மூன்றாவது வழியும் ஒரே படியில் சேர்ந்துவிடும். ஓக் மரம் என்றால் ஒரு எச்சரிக்கை: ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு, ஈரத்தோடு இரும்பு சேர்ந்தால் நீலக்கறுப்புக் கறை விழும். திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். இரும்பும் மரமும் தொடும் இடத்தில் மெல்லிய ரப்பர் பட்டை வையுங்கள், சத்தமும் குறையும்.

டைல்ஸ் படி மலிவாக முடியும், சுத்தம் செய்வதும் எளிது. ஆனால் மரம் போல அச்சிட்ட டைல்ஸை அசல் மரத்தரைக்குப் பக்கத்தில் போடாதீர்கள். அசலுக்குப் பக்கத்தில் அச்சு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். சிமென்ட் நிறத்திலோ ஒற்றை நிறத்திலோ டைல்ஸ் போடுங்கள்.

5. எந்தப் பகுதிக்கு எந்த நிறம்?

மொத்தப் படிக்கட்டுக்கும் ஒரே நிறம் கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பிரித்துக் கொடுத்தால்தான் சேர்மானம் எளிது.

படிக்கட்டைக் கீழே நின்று பார்க்கும்போது கண்ணில் படுவது பெரும்பாலும் ரைசர்தான். மிதிபலகைகள் ஒல்லியான கோடுகளாகத்தான் தெரியும். மேலேயிருந்து இறங்கும்போது ரைசர் தெரியாது, மிதிபலகை மட்டும்தான். ஒரே படிக்கட்டு இரண்டு பக்கமிருந்து இரண்டு நிறமாகத் தெரியும் என்பதை மறந்துவிட வேண்டாம். கீழ்த்தரையோடு சேர வேண்டியது ரைசர், மேல்தரையோடு சேர வேண்டியது மிதிபலகை என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மாடிக்கும் கீழுக்கும் தரை வேறு வேறாக இருக்கும் வீடுகளில் இது நன்றாகக் கைகொடுக்கிறது.

வெள்ளை ரைசர் பலருக்கும் பிடிக்கும். படியை வெளிச்சமாக்கும், மரத்தை எடுத்துக்காட்டும். ஷூ முனை பட்டுக் கறுக்கும் என்பதால் கழுவக்கூடிய எனாமல் பெயின்ட் அடிக்க வேண்டும். வெள்ளையிலும் சாயல் உண்டு. மஞ்சள், சிவப்பு மரத்துக்கு லேசாக மஞ்சள் கலந்த வெள்ளையும், சாம்பல் மரத்துக்குத் தூய வெள்ளையும் பொருந்தும். நீலவெள்ளை ரைசருக்கு மேலே தேக்கு மிதிபலகை வைத்தால் அழுக்கேறியது போல இருக்கும்.

கைப்பிடி விலை குறைவான, வலிமையான பாலம். தரை மரத்திலேயே கைப்பிடி செய்துவிட்டால், மிதிபலகை கல்லாக இருந்தாலும் இரும்பாக இருந்தாலும் படிக்கட்டு வீட்டோடு சேர்ந்துவிடும். கை நன்றாகச் சுற்றிப் பிடிக்க 32 முதல் 50 மி.மீ. விட்டம் சரியான அளவு. அகலமான பட்டைச் சட்டம் பார்க்க நன்றாக இருக்கும், தடுமாறும்போது கைக்குப் பிடி கிடைக்காது. கிராதிக் கம்பிகளுக்கு நடுவே 100 மி.மீ.க்கு மேல் இடைவெளி விடாதீர்கள், குழந்தையின் தலை நுழையக்கூடாது.

மாடியில் கடைசிப் படி முடிந்து தரை தொடங்கும் விளிம்பு யாருடையது? பலரும் இதை வேலை நடக்கும்போதுதான் யோசிக்கிறார்கள். அது மேல்தரையின் விளிம்பு. மேல்தரை மரத்திலேயே நோசிங் செய்து முடித்தால் சுத்தமாக இருக்கும்.

6. விளிம்பு கண்ணுக்குத் தெரிகிறதா என்று சோதியுங்கள்

அழகைப் பற்றிப் பேசும்போது இதை மட்டும் விட்டுவிடக் கூடாது. தரை, மிதிபலகை, ரைசர் மூன்றும் ஒரே நிறமாக இருந்தால், மங்கிய வெளிச்சத்தில் இறங்குபவருக்குப் படி எங்கே முடிகிறது என்றே தெரியாது. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும், பழுப்புக்கும் பழுப்புக்கும் உள்ள சாயல் வேறுபாடு வயதானவர்களுக்கு மங்கிவிடும். அவர்களுக்கு உதவுவது கருமை வெளிர் வேறுபாடுதான்.

பெயின்ட் அட்டைகளில் எல்ஆர்வி என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். பரப்பு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதை 0 முதல் 100 வரை சொல்லும் எண் அது. இரண்டு பரப்புகளுக்கு நடுவே 30 புள்ளி வேறுபாடு இருந்தால் விளிம்பு நன்றாகப் பிரிந்து தெரியும் என்பது கட்டட வடிவமைப்பில் புழங்கும் அளவுகோல். எண் கிடைக்காவிட்டால் செல்போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். மாடியில் நின்று, மாலை வெளிச்சத்தில், கீழ்நோக்கி எடுக்க வேண்டும். படத்தில் விளிம்புகள் கரைந்துபோனால், இருட்டில் கண்ணுக்கும் கரையும். ஒரே நிறப் படிதான் வேண்டும் என்பவர்கள், நோசிங்கில் ஒரு கருமரக் கீற்றைப் பதிக்கலாம், அல்லது ஒவ்வொரு நோசிங்குக்கும் அடியில் சிறு விளக்குப் பட்டை வைக்கலாம்.

7. பாலிஷ்

ஒரே மரத்துக்கு இரண்டு வேறு பாலிஷ் போட்டால் இரண்டு மரமாகிவிடும். எண்ணெய் சார்ந்த பாலியூரித்தேன் பாலிஷ் மரத்தைத் தேன்நிறமாக்கும், வருடம் போகப் போக இன்னும் மஞ்சளாகும். தண்ணீர் சார்ந்தது ஏறக்குறைய நிறமில்லாமல் அப்படியே நிற்கும். தரையில் எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு படிக்கும் அதே வகை போடுங்கள்.

பளபளப்பு அளவில் சாட்டினோ (மிதமான பளபளப்பு) மேட்டோ (பளபளப்பில்லாதது) எடுங்கள். உயர் பளபளப்பு படியில் வேண்டவே வேண்டாம். விளக்கு வெளிச்சம் தெறித்து விளிம்பை மறைக்கும், ஒவ்வொரு கீறலும் தெரியும், காலுறையோடு இறங்கினால் வழுக்கும். கருமையான மிதிபலகையில் தூசி தெரியும், வெளிறியதில் செருப்புத் தடம் தெரியும். நடுத்தரப் பழுப்பு இரண்டையும் மறைக்கும்.

ஸ்டெயின் ஏற்றுவதில் மரத்துக்கு மரம் குணம் மாறும். ஓக், ஆஷ் போன்ற துளைகள் திறந்த மரங்கள் சீராக வாங்கிக்கொள்ளும். மேப்பிளும் பைனும் திட்டுத்திட்டாகக் குடிக்கும், ஸ்டெயின் சீராக இறங்க முதலில் மரத்துக்கான கண்டிஷனர் பூச வேண்டும். நிற அட்டையில் பார்த்த நிறம் உங்கள் மரத்தில் வரும் என்று நம்பிவிடாதீர்கள்.

8. மாதிரிப் பலகை: இதை மட்டும் தவிர்க்காதீர்கள்

தச்சரிடம் உள்ளங்கைத் துண்டு கேட்காதீர்கள். படிக்கு வரப்போகும் அதே பலகைக் கட்டிலிருந்து, 30 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டு கேளுங்கள். படிக்குப் போடும் அதே உப்புத்தாள், அதே ஸ்டெயின், அதே எண்ணிக்கையில் பாலிஷ் பூசித் தரச் சொல்லுங்கள். "இன்னும் ஒரு கோட் பூசினால் சரியாகிவிடும்" என்ற பேச்சை ஏற்காதீர்கள், அந்த ஒரு கோட்டையும் பூசிக் காட்டட்டும்.

ஒரு துண்டை முதல் படியின் மேல் மிதிபலகை போலப் படுக்க வையுங்கள். மற்றதை ரைசர் போல நிமிர்த்தி, தரையைத் தொட நிறுத்துங்கள். இரண்டும் ஒரே பலகைதான், ஆனால் படுத்திருப்பது வெளிச்சத்தை வாங்கி வெளிறித் தெரியும், நிற்பது கொஞ்சம் கருமையாகத் தெரியும். காலையில் ஒரு முறை, உச்சிவெயிலில் ஒரு முறை, விளக்கு போட்ட பிறகு ஒரு முறை பாருங்கள். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும், எனக்கு நடந்தது அதுதான். விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; 2700 முதல் 3000 கெல்வின் விளக்கு மஞ்சளையும் சிவப்பையும் தூக்கிக் காட்டும். 4000க்கு மேல் போனால் மரம் சாம்பல் பக்கம் சாயும். விளக்கை மாற்றும் எண்ணம் இருந்தால் படி நிறத்தை முடிவு செய்யும் முன்பே மாற்றிவிடுங்கள். மூன்று வேளையும் பிடித்திருந்தால் துண்டின் பின்புறம் தேதி எழுதி, நீங்களும் தச்சரும் கையெழுத்துப் போட்டு, ஒரு துண்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

9. உயரக் கணக்கு

பொருளை மாற்றினால் படியின் உயரமும் மாறும். இது நிறம் அளவுக்குக் கண்ணில் படாது, ஆனால் கால் கண்டுபிடித்துவிடும்.

ஒரு உதாரணம். கான்கிரீட் படி ஒவ்வொன்றும் 165 மி.மீ. உயரம். கீழேயும் மேலேயும் தரைப்பலகையும் அடிவிரிப்பும் சேர்ந்து 18 மி.மீ. ஏறுகிறது. படிமேல் பலகையும் பசையும் சேர்ந்து 30 மி.மீ. ஏறுகிறது. இப்போது முதல் படியின் உயரம் 165 + 30 − 18 = 177. நடுப்படிகள் மாறாமல் 165. கடைசிப் படி 165 + 18 − 30 = 153. முதலுக்கும் கடைசிக்கும் 24 மி.மீ. வித்தியாசம். ஏறும் கால் முதல் இரண்டு படியில் உயரத்தைக் கற்றுக்கொண்டு அதையே எதிர்பார்க்கும், தடுமாறுவது இதனால்தான். தரைக்கும் படிக்கும் ஏறும் கனத்தை முன்கூட்டியே கூட்டிக் கழித்து, படியை ஊற்றும்போதே சரிசெய்யுங்கள். பழைய படி என்றால் தரை ஏறும் கனமும் படி ஏறும் கனமும் சமமாக வரும் பொருளைத் தேர்ந்தெடுங்கள்.

புதிதாகப் படி கட்டுபவர்கள் 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா ப்ளாண்டெல் சொன்ன கணக்கை இன்றும் பயன்படுத்தலாம். இரண்டு மடங்கு ரைசர் உயரமும் ஒரு மிதிபலகையின் முன்பின் அகலமும் கூட்டினால் மனிதனின் ஒரு காலடித் தூரம், சுமார் 600 முதல் 640 மி.மீ. வர வேண்டும். 170 உயரத்துக்கு 280 அகலம் என்றால் 620.

10. வேலை நடக்கும் வரிசை

பலகையை வாங்கி வந்து வீட்டுக்குள்ளேயே கட்டைப் பிரித்து, நடுவே குச்சி வைத்து அடுக்கி, வீட்டின் காற்று ஈரத்துக்குப் பழக விடுங்கள். தேவைக்கு 10 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள், பின்னால் வாங்கும் பலகை நிறம் சேராது. சுவர் வேலை, மின்வேலை, முதல் பூச்சுப் பெயின்ட் முடிந்த பிறகு மிதிபலகை ஏற்றட்டும். ஏற்றிய அன்றே கெட்டி அட்டை போட்டு மூடிவிடுங்கள். இழைப்பும் பாலிஷும் கடைசியில், தூசி கிளப்பும் எந்த வேலையும் பாக்கியில்லாத நாளில். தரையையும் படியையும் சேர்த்துப் பூசுவதானால் பாலிஷ் டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரே பெரிய வாளியில் கலந்துகொண்டு தொடங்கச் சொல்லுங்கள், டப்பாவுக்கு டப்பா மாறும் சிறு வேறுபாடு மறையும். வீட்டில் ஆள் இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்றாகப் படிகளைப் பூசினால் மாடிக்குப் போக வழியிருக்கும்.

எல்லாம் முடிந்ததும் மீந்த பலகையில் இரண்டையாவது கட்டிலுக்கு அடியில் போட்டு வையுங்கள். ஸ்டெயின், பாலிஷ் டப்பாக்களின் லேபிளைப் படம் எடுத்து, எந்த எண், எத்தனை கோட் என்று ஒரு காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்ட அந்த மாதிரித் துண்டின் பின்னால் ஒட்டிவிடுங்கள். நோசிங்கில் அந்த அரைநிலா தோன்றத் தொடங்கும் வருடம், முதலில் தேடுவது அந்தக் காகிதத்தைத்தான்.